எஃப்பிஐ கதவைத் தட்டினால்: அமெரிக்காவில் ஃபெடரல் சைபர் வழக்கை எதிர்கொள்வது எப்படி

காலை ஆறேகால் மணி. குளிர்கால இருட்டு இன்னும் விலகவில்லை. என் நண்பர் வீட்டுக் கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். திறந்தால் நீல ஜாக்கெட் போட்ட எட்டுப் பேர். அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். பத்து நிமிடத்தில் பதற்றம் கொஞ்சம் அடங்கியது. வந்தவர்களில் இருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். நண்பர் காபி போட்டுக் கொடுத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினார். தப்பு செய்யாதவன் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அவருடைய வக்கீலுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது சர்வர் லாக், அதாவது யார் எப்போது நுழைந்தார் என்ற கணினிப் பதிவு, இல்லை. அந்த மேசையில் தூக்கக் கலக்கத்தில் நண்பர் சொன்ன, தேதி மாறிப்போன இரண்டு வாக்கியங்கள்தான்.

நான் வக்கீல் இல்லை. நண்பருக்குத் துணையாகக் கோர்ட்டுக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் அலைந்தவன். அப்போது கேட்டதையும், பிறகு தேடித்தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். அமெரிக்காவில் ஐடி வேலையிலோ படிப்பிலோ இருக்கும் நம் ஆட்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்காது.

எது ஃபெடரல் வழக்காகிறது

மாநில அரசு இல்லாமல் அமெரிக்க மத்திய அரசு போடும் வழக்கைத்தான் ஃபெடரல் வழக்கு என்கிறார்கள். கணினி மோசடி, துஷ்பிரயோகச் சட்டம் என்று 1986இல் வந்த ஒரு சட்டம்தான் இதில் முக்கியமானது. வக்கீல்கள் சிஎஃப்ஏஏ என்பார்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 1030ஆம் பிரிவு. இணையத்தோடு இணைந்த கணினி என்றால் அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். அனுமதி இல்லாமல் நுழைவது, அனுமதியை மீறிப் போவது, வேண்டுமென்றே சேதம் செய்வது ஆகியவை இதன் முக்கியக் குற்றங்கள். சாதாரணமாக நுழைந்து பார்த்தது மட்டும் என்றால் ஒரு வருடம் வரை சிறை. பண லாபத்துக்காகச் செய்தது, எடுத்த தகவலின் மதிப்பு 5,000 டாலருக்கு மேல் என்றெல்லாம் சேர்ந்தால் 5 வருடம் வரை. வேண்டுமென்றே பெரிய சேதம் செய்திருந்தால் 10 வருடம் வரை போகும்.

இந்தச் சட்டம் தனியாக வருவது குறைவு. கூடவே வயர் ஃப்ராடு வரும். மின்னஞ்சல், போன், இணையம் வழியாக ஏமாற்றியதாகச் சொல்லும் குற்றச்சாட்டு அது. உச்சபட்சம் 20 வருடம். அடுத்தவர் பெயரையோ அடையாள எண்ணையோ பயன்படுத்தினால் 1028ஏ என்ற பிரிவு, அதில் 2 வருடம் கட்டாயம். மற்ற தண்டனை முடிந்த பிறகுதான் அந்த 2 வருடம் தொடங்கும். கூட்டுச்சதி தனி. மாணவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கூட்டுச்சதியில்தான். "உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு", "ஒரு வீட்டில் பார்சல் வாங்கி வந்து கொடு" என்று யாரோ சொல்வார்கள். அந்தப் பார்சலுக்குள் இருப்பது போனில் மிரட்டப்பட்ட ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு. திட்டம் போட்டவன் வேறு நாட்டில் இருப்பான். கேமராவில் பதிவாவது பார்சல் வாங்கிய பையனின் முகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எஃப்பிஐயிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வாரன்ட் இருக்கிறது, பணம் கட்டினால் ரத்து செய்கிறோம்" என்று போன் வந்தால் அது நூற்றுக்கு நூறு மோசடி. உண்மையான எஃப்பிஐ பணம் கேட்காது. கிஃப்ட் கார்டு கேட்காது. வீடியோ காலில் உட்கார வைத்து "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்யாது. போனை வைத்துவிடுங்கள்.

கதவு தட்டப்படும்போது

வாரன்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வழிவிடுங்கள்; தடுக்காதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். வாரன்ட் இல்லாமல் "சும்மா பேச வந்தோம், உள்ளே வரலாமா" என்று கேட்டால், வேண்டாம் என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களுடைய கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை வாரன்ட்டை ஃபெடரல் விதிப்படி காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில்தான் நிறைவேற்ற வேண்டும். மற்ற நேரத்தில் வர நீதிபதியின் தனி அனுமதி தேவை. அதனால்தான் பெரும்பாலும் ஆறு மணி அடித்ததும் வருகிறார்கள். வாரன்ட்டின் நகல் ஒன்றை உங்களிடம் தர வேண்டும். அதோடு இரண்டு இணைப்புகள் இருக்கும்: எந்த இடத்தைச் சோதிக்கலாம் என்பது ஒன்றில், எதையெல்லாம் எடுக்கலாம் என்பது மற்றொன்றில். போகும்போது எடுத்த பொருட்களின் பட்டியல் ஒன்றும் தர வேண்டும். இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

அடுத்து, பேச்சு. இதில் நம் வளர்ப்பே நமக்கு எதிரி. அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள் என்றே பழகியிருக்கிறோம். இங்கே அப்படி இல்லை. பெயரைச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள்: "ஐ வான்ட் எ லாயர். ஐ வில் நாட் ஆன்சர் எனி கொஸ்டின்ஸ்." சொன்ன பிறகு நிஜமாகவே நிறுத்திவிட வேண்டும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2010இலும் 2013இலும் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. "வக்கீல் வேண்டுமோ என்னவோ" என்று இழுப்பதும் உதவாது.

பேசாமல் இருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று அதிகாரிகள் சொல்லும் மிராண்டா எச்சரிக்கையைப் படிக்காததால் நாம் சொன்னது செல்லாது என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் நிறைய. அந்த எச்சரிக்கை, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் கட்டாயம். உங்கள் சமையலறையில், "நீங்கள் கைதாகவில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்" என்று சொல்லிவிட்டுப் பேசினால், எச்சரிக்கை இல்லாமலே நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஆதாரம்தான். அதில் ஒரு முக்கியமான விஷயம் பொய் என்று ஆனால் அதுவே 1001ஆம் பிரிவில் தனிக் குற்றம், 5 வருடம் வரை. மூல வழக்கில் ஒன்றுமே இல்லாமல், இந்தப் பொய்க்காக மட்டும் தண்டனை பெற்றவர்கள் உண்டு.

மார்கஸ் ஹட்சின்ஸ் கதை தெரிந்திருக்கலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸைத் தடுத்து நிறுத்திய பிரிட்டிஷ் இளைஞர். அதே வருடம் ஆகஸ்ட் 2ஆம் தேதி லாஸ் வேகஸ் விமான நிலையத்தில், ஊருக்குக் கிளம்பும்போது கைது செய்தார்கள். பல வருடங்களுக்கு முன் எழுதிய தீநிரல் பற்றிய வழக்கு அது. அங்கேயே ஒரு அறையில் வைத்துக் கேட்டபோது அவர் பேசிவிட்டார். அந்தப் பேச்சை ஆதாரத்திலிருந்து நீக்கச் சொல்லி வக்கீல்கள் கேட்டார்கள், நீதிபதி மறுத்துவிட்டார். 2019இல் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அவருடைய நல்ல காரியங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, காவலில் இருந்த காலமே போதும் என்று நீதிபதி விட்டார். அத்தனை விஷயம் தெரிந்த ஒருவராலேயே அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நமக்கு எவ்வளவு கடினமாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போன் பாஸ்கோடு கேட்டால், வக்கீலைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லுங்கள். கைரேகை, முகம் வைத்துத் திறப்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை: கட்டைவிரலை வைக்க வைத்தது சரி என்று 2024இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; 2025 ஜனவரியில் தலைநகர் வாஷிங்டன் டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சாட்சியம் சொல்ல வைப்பதற்குச் சமம் என்றது. விரலைப் பிடித்து வைத்தால் தடுத்துக் கைகலப்பு செய்யாதீர்கள்; "எனக்குச் சம்மதம் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விமான நிலையத்தில் நாட்டுக்குள் நுழையும்போது நிலைமை வேறு. அங்கே வாரன்ட் இல்லாமலே சாதனங்களைப் பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

ஒரு பைலைக்கூட அழிக்காதீர்கள்

பயந்தவர் முதலில் செய்வது வாட்ஸ்அப்பை அழிப்பது. அப்புறம் லேப்டாப்பை ஃபார்மேட் செய்வது. இரண்டுமே தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்குச் சமம். விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் 1519ஆம் பிரிவு, 20 வருடம் வரை. விசாரணை இன்னும் தொடங்காவிட்டாலும் வரும் என்று எதிர்பார்த்து அழித்தாலே போதும். அழித்தது மறைவதும் இல்லை: எதிர்முனையில் இருப்பவரின் போனில் இருக்கும், கிளவுடில் இருக்கும், அழித்த நேரமும் பதிவாகியிருக்கும். ஜூரி முன்னால் அரசு வழக்கறிஞர் அந்த நேரத்தைக் காட்டி, "குற்றமற்றவர் ஏன் அன்றிரவு 11:40க்கு இதைச் செய்தார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

உங்களைக் காப்பாற்றும் ஆதாரமும் அதே சாதனத்தில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மேலாளர் "சரி, செய்" என்று அனுப்பிய ஒரு வரிச் செய்தி வருடங்கள் கழித்து உங்கள் விடுதலையாக மாறலாம். தானாக அழியும் செட்டிங் ஏதாவது போனில் இருந்தால், என்ன செய்வது என்று முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கேளுங்கள்.

வழக்கைப் பற்றி யாரிடமும் எழுதாதீர்கள். நண்பர்கள் குழுவில் வேண்டாம். கூடக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் வேண்டவே வேண்டாம். அவர் ஏற்கெனவே அரசோடு ஒத்துழைத்துக்கொண்டிருக்கலாம், உங்கள் அழைப்பு பதிவாகிக்கொண்டிருக்கலாம். சிறையிலிருந்து பேசும் போன் பதிவாகும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்பார்கள்.

கம்பெனி முதலில் கூப்பிட்டால்

நம் ஐடி ஆட்களுக்கு ஃபெடரல் வழக்கு பெரும்பாலும் எஃப்பிஐயோடு தொடங்காது. ஹெச்ஆரிடமிருந்து ஒரு மீட்டிங் அழைப்போடு தொடங்கும். உள்ளே போனால் ஹெச்ஆர், பாதுகாப்புக் குழு, கூடவே ஒரு வக்கீல். அவர் சிரித்துக்கொண்டே, தான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை, இங்கே பேசுவதை வெளியே சொல்வதா வேண்டாமா என்று கம்பெனிதான் முடிவு செய்யும் என்று வேகமாகச் சொல்லி முடிப்பார். இதை அப்ஜான் எச்சரிக்கை என்பார்கள். 1981ஆம் வருடத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்த பெயர். பொருள் இதுதான்: நீங்கள் பேசுவதை நாளைக்கே அரசிடம் கொடுக்கலாம்.

"எனக்கு வக்கீலிடம் பேச ஒரு நாள் அவகாசம் வேண்டும்" என்று கேளுங்கள். தனியார் கம்பெனி அதற்காக வேலையை விட்டு நீக்கலாம், அந்த ஆபத்து உண்மை. இருந்தாலும் எதை இழப்பது மோசம் என்று நீங்கள்தான் எடை போட வேண்டும். கம்பெனி லேப்டாப்பை இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள். உங்கள் சொந்தப் படங்கள் அதில் இருந்தாலும் சுத்தம் செய்யாதீர்கள்.

வேலையை விட்ட பிறகு பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறதா என்று முயன்றுகூடப் பார்க்காதீர்கள். 2018இல் சிஸ்கோவில் வேலையை விட்ட ஒரு பொறியாளர், ஐந்து மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் கிளவுடுக்குள் நுழைந்து ஓடவிட்ட நிரல் 456 மெய்நிகர் இயந்திரங்களை அழித்தது. சிஸ்கோவின் வெபெக்ஸ் டீம்ஸ் என்ற மீட்டிங் சேவையில் 16,000க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சரிசெய்த ஊழியர் நேரத்துக்கு மட்டும் சுமார் 14 லட்சம் டாலர், வாடிக்கையாளருக்குத் திருப்பியது 10 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கு வந்தது. 2020இல் அவருக்கு 24 மாதச் சிறை. கம்பெனி அவருடைய நுழைவை மூட மறந்தது அவருக்கு அனுமதியாக ஆகிவிடவில்லை.

வக்கீல்

பெரிய முடிவு இதுதான். வீடு வாங்கும்போது உதவிய வக்கீலிடமோ, ஹெச்1பி வேலை விசா போட்டுக்கொடுத்த வக்கீலிடமோ போகாதீர்கள். ஃபெடரல் குற்ற வழக்கு நடத்திப் பழகியவர் வேண்டும். முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: இந்த மாவட்ட ஃபெடரல் கோர்ட்டில் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? 1030ஆம் பிரிவில் ஏதாவது? தடயவியல் நிபுணர் யாரை வைப்பீர்கள்? குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலோடு சேர்ந்து வேலை செய்வீர்களா? "கண்டிப்பாக விடுவித்துவிடுவேன்" என்று சத்தியம் செய்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில், அல்லது அவர்களால் முடியாதபோது, நீதிமன்றம் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து வக்கீல் தருவார்கள். 1964ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி இந்த ஏற்பாடு. குடியுரிமை தேவையில்லை; விசாவில் இருப்பவருக்கும் உண்டு. உங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாம் ஒரு படிவத்தில் சத்தியப்படி எழுத வேண்டும். "அரசு கொடுக்கிற வக்கீல்தானே" என்று நம்மில் பலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். என் நண்பருக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர்தான். தினம் தினம் அதே கோர்ட்டில் நிற்பவர், எந்த நீதிபதி எதைக் கேட்பார் என்று விரல் நுனியில் வைத்திருந்தார். ஊரில் நிலத்தை விற்று வக்கீலுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

வக்கீலிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் ரகசியமாகச் சொல்வது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஆனால் அந்த அறையில் மாமாவையும் மச்சானையும் உட்கார வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். துணைக்கு வந்தவர்கள் வெளியே காத்திருக்கட்டும். நானும் வெளியேதான் காத்திருந்தேன்.

கைதுக்கு முன்பே சில சமயம் கடிதம் வரும். குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியின் அழைப்பாணை (சப்பீனா), அல்லது "நீங்கள் இந்த விசாரணையின் இலக்கு" என்று அரசு வழக்கறிஞர் எழுதும் கடிதம். இது கெட்ட செய்திதான் என்றாலும் ஒரு வாய்ப்பும்கூட. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் பேச வக்கீலுக்குக் கிடைக்கும் இடம் அது. சில வழக்குகள் அங்கேயே சுருங்கிவிடும். கடிதத்தை மேசை டிராயரில் போட்டு வைத்தவர்களை அது காப்பாற்றாது.

கைதும் ஜாமீனும்

கைது செய்தால் தேவையற்ற தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அங்கே குற்றச்சாட்டைப் படிப்பார்கள், வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உண்டு, சங்கடப்பட்டு விட்டுவிடாதீர்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி வெளிநாட்டவர் கேட்கலாம். சொல்லாமலும் இருக்கலாம், அது உங்கள் விருப்பம்.

கோர்ட்டுக்கு முன், ஜாமீன் பற்றி நீதிபதிக்கு அறிக்கை தரும் ப்ரீட்ரையல் அதிகாரி ஒருவர் குடும்பம், வேலை, வீடு, பயணம் பற்றிக் கேட்பார். வழக்கைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம், மற்றதற்கும் வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். அரசு காவலில் வைக்கக் கேட்டால் அது பற்றிய விசாரணையை மூன்று வேலை நாள் வரை தள்ளிவைக்கலாம். ஃபெடரல் கோர்ட்டில் ஜாமீன் என்றால் பணம் கட்டுவது குறைவு. யார் கையெழுத்துப் போடுகிறார்கள், ஓடிப்போவாரா, இங்கே வேர் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. நம்மவர்களுக்கு அந்த இடத்தில்தான் சிக்கல்: பெற்றோர் ஊரில், பாஸ்போர்ட் வேறு நாட்டினுடையது. அதனால் வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் குடியுரிமை பெற்ற நண்பர்கள் என்று குடும்பத்தார் அன்றே திரட்ட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் ஏழு பேர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கோர்ட்டின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நீதிபதி அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார்.

வெளியே விட்டால் நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், கணினியில் கண்காணிப்பு மென்பொருள் இருக்கும், சில வழக்குகளில் இணையமே கூடாது. குழந்தையின் டேப்லெட்டைத் தொட்டது ஒரு மீறலாகிவிடலாம். நிபந்தனைத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

விசா என்ற இரண்டாவது வழக்கு

குடியுரிமை இல்லாதவருக்கு இது இரட்டை வழக்கு. கைது ஆனாலே விசா ரத்தாகலாம். வேலை போனால் ஹெச்1பியில் இருப்பவருக்கு வேறு வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். மனைவியின் ஹெச்4 விசா அதையே நம்பி இருக்கிறது. கிரிமினல் கோர்ட் ஜாமீன் கொடுத்தாலும், குடியேற்றத் துறை உங்களைத் தன் காவலில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஜாமீன் கேட்கும் முன்பே குடியேற்ற வக்கீலைக் கேட்க வேண்டும்.

அதைவிட ஆழமானது ஒரு தொகை: 10,000 டாலர். மோசடிக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் நஷ்டம் அதைத் தாண்டினால், குடியேற்றச் சட்டத்தில் அது "தீவிரக் குற்றம்" என்ற வகைக்குள் போகிறது. அப்படி ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் நாடு கடத்தப்படலாம். தப்பிக்கும் வழிகள் அநேகமாக அடைபட்டுவிடும். சிறைத் தண்டனை ஒரு நாள்கூட இல்லாமல் முடிந்த வழக்கும் இதில் மாட்டும். எந்தப் பிரிவை ஒப்புக்கொள்கிறீர்கள், ஒப்பந்தத் தாளில் நஷ்டத் தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பவை உங்கள் பிள்ளைகள் எந்த நாட்டில் வளர்வார்கள் என்பதையே தீர்மானிக்கலாம். நாடு கடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கின் உள்ளே

எதிர்வாதம் பெரும்பாலும் மூன்று கேள்வியைச் சுற்றி வரும். அனுமதி இருந்ததா? செய்தது இவர்தானா? நஷ்டம் நிஜமாக எவ்வளவு?

அனுமதிக்கு 2021 ஜூன் 3ஆம் தேதி வந்த வான் பியூரன் தீர்ப்பு முக்கியம். ஜார்ஜியாவில் ஒரு போலீஸ் சார்ஜென்ட், பணத்துக்காக ஒரு வண்டி எண்ணை போலீஸ் கணினியில் தேடிப் பார்த்தார். அந்தக் கணினியைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி உண்டு, நோக்கம்தான் தவறு. இது கணினிச் சட்டக் குற்றம் ஆகாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று பாருங்கள், உள்ளே எதற்காகப் போனார் என்று பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். கம்பெனி விதியை மீறி டேட்டாவைப் பார்த்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது பெரிய கவசம். ஆனால் கதவு என்பது தொழில்நுட்பப் பூட்டு மட்டுமா, ஒப்பந்தமும் பூட்டாகுமா என்பதை அந்தத் தீர்ப்பு திறந்தே விட்டிருக்கிறது. பாதுகாப்புக் குறைகளை நல்லெண்ணத்தோடு ஆராய்பவர்கள் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று, ஃபெடரல் வழக்குகளை நடத்தும் அமெரிக்க அரசின் நீதித் துறை (டிஓஜே) 2022 மே மாதம் ஒரு கொள்கை வெளியிட்டது. அது அரசு வழக்கறிஞருக்கான உள் வழிகாட்டுதல்தான், சட்டப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம்.

செய்தது யார் என்பதற்கு லாகைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: கணக்கின் பெயர், ஒரு ஐபி முகவரி, நேரம் 02:30, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். டெக்சாஸில் கோடைக்காலமென்றால் அது முந்தைய இரவு 9:30, நீங்கள் வீட்டில் லேப்டாப்போடு இருந்த நேரம். பார்த்தவுடன் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். சென்னையில் அதே கணம் காலை 8 மணி. ஷிப்ட் தொடங்கும் நேரம். அந்தக் கணக்கு நான்கு பேர் பகிர்ந்துகொண்ட சர்வீஸ் கணக்காக இருந்து, நால்வரும் ஒரே விபிஎன் வழியாக ஒரே முகவரியில் வெளியே வந்தால், லாக் சொல்வது ஒரு கணக்கை மட்டும்தான், ஒரு மனிதரை அல்ல. இப்படிப்பட்ட விஷயத்தை வக்கீலுக்கு விளக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். யாரிடம் அந்தப் பாஸ்வேர்டு இருந்தது, எந்த நாளில் மாற்றினார்கள், எந்த வார இறுதியில் யார் ஆன்கால் என்று நினைவிருக்கும்போதே "வக்கீலுக்காக" என்று தலைப்பிட்டுக் காகிதத்தில் எழுதி அவரிடமே கொடுங்கள்.

நஷ்டத்தைப் பற்றி அலட்சியம் வேண்டாம். தண்டனைக் கணக்கு பெரும்பாலும் அந்த எண்ணில்தான் ஏறுகிறது. கம்பெனி கொடுக்கும் பட்டியலில், எப்படியும் சம்பளம் வாங்கியிருக்கும் ஊழியரின் நேரம், புதிதாக வாங்கிய பாதுகாப்பு மென்பொருள், ஆலோசகர் கட்டணம் எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்க வேண்டும். கம்பெனி தானாக நடத்திய தனியார் விசாரணைச் செலவை, கட்டாய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வாங்க முடியாது என்று 2018இல் லேகோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. வாரன்ட் வாங்க அதிகாரி கொடுத்த பிரமாணத்தில் பொய் இருந்தால் எதிர்க்கலாம். அடையாளத் திருட்டுப் பிரிவை 2023இல் டூபின் தீர்ப்பு நன்றாகக் குறுக்கியிருக்கிறது. பில்லில் ஒருவர் பெயர் இருந்தாலே அந்த 2 வருடம் என்று இனிச் சொல்ல முடியாது. வழக்கைத் தவறான மாவட்டத்தில் போட்டிருந்தால் அதுவும் ஒரு வாதம். ஐபேட் பயனாளர்களின் மின்னஞ்சல்களைச் சேகரித்த ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமருக்கு 41 மாதம் விதித்திருந்தார்கள். அவர் அங்கே இல்லை, சர்வரும் அங்கே இல்லை, பின் எதற்கு நியூ ஜெர்சி என்று கேட்டு 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. பெரும்பாலான குற்றங்களுக்கு 5 வருடம் என்ற காலவரம்பும் இருக்கிறது.

ஒப்புக்கொள்வதா, விசாரணையா

ஃபெடரல் வழக்குகளில் பத்தில் ஒன்பது பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதே உண்மை நிலவரம். கோர்ட் விசாரணைக்குப் போய்த் தோற்றால் தண்டனை கூடும்; ஒப்புக்கொண்டால், எவ்வளவு தண்டனை என்று கணக்கிடும் ஃபெடரல் வழிகாட்டிக் கணக்கில் இரண்டு அல்லது மூன்று படி இறங்கும். முன்பு எந்த வழக்கும் இல்லாதவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, 2023 நவம்பர் முதல் மேலும் இரண்டு படி குறைகிறது. இந்த வழிகாட்டி 2005 முதல் நீதிபதியைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனாலும் எல்லாரும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

ஆதாரம் முழுவதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குச் சாதகமான ஆதாரத்தை அரசு மறைக்கக் கூடாது என்பது 1963ஆம் வருட பிரேடி தீர்ப்பிலிருந்து இருக்கும் விதி. அரசோடு உட்கார்ந்து பேசும் "ப்ராஃபர்" சந்திப்புக்குக் கூப்பிட்டால், அங்கே சொல்வது எப்படியெல்லாம் திரும்ப உங்கள் மேல் பாயலாம் என்று அந்தச் சந்திப்புக்காக அரசு தரும் கடிதத்தை வரி வரியாக வக்கீலோடு படித்த பிறகே போங்கள். செய்யாத ஒன்றைக் குடும்ப மானத்துக்காக, சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். செய்திருந்தால், காலம் கடத்துவதும் உதவாது.

தண்டனை நாள் வரை

ஒப்புக்கொண்டாலும் தோற்றாலும், நீதிமன்றத்தின் ப்ரொபேஷன் அதிகாரி உங்களைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்று எழுதுவார். சிறையில் எந்த இடம் என்பது வரை அந்த அறிக்கை கூடவே வரும். பிழை இருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். கடிதங்கள் சேகரியுங்கள். "இவர் நல்லவர்" என்று ஐம்பது பேர் எழுதுவதை விட, உங்கள் அப்பாவின் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் யார் போனில் ஏற்பாடு செய்தது என்று உங்கள் தங்கை எழுதும் ஒரு பக்கம் நீதிபதியின் மனதில் நிற்கும். தங்கை தமிழிலேயே எழுதட்டும், மொழிபெயர்ப்பைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு வருடத்துக்கு 54 நாள் வரை குறையும். 2018ஆம் வருடச் சட்டம் தரும் கூடுதல் சலுகை நாட்களை, நாடு கடத்தல் ஆணை இறுதியானவர்களால் பயன்படுத்த முடியாது. குடும்பத்தார் நாள் எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

தீர்ப்பு எழுதப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறீர்களா என்று அன்று மாலையே வக்கீலிடம் கேளுங்கள். வேண்டும் என்று முடிவு செய்தால் "அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள்" என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்ததா என்று பார்த்து, நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.